ஷட்டருக்குக் கீழே குனிந்து கேட்டவர்களுக்கு: எங்கள் பர்கர் கடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மாதமாகக் கடையில் வேலை நடக்கிறது. தூசி வெளியே போகக் கூடாது என்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே தினமும் யாராவது குனிந்து எதையாவது கேட்கிறார்கள். ஜாக்கெட் பிட் கடை அண்ணாச்சி, இரண்டாம் மாடி மாமி, டியூஷன் முடிந்து போகும் பிள்ளைகள், ஒருநாள் தபால்காரர்கூடக் கேட்டார். ஒரே பதிலை நாற்பது தடவை சொன்ன பிறகு, "பேசாமல் எழுதி வைத்துவிடு அண்ணா" என்றாள் தங்கை. கடை எங்கள் இருவருடையது. எழுதும் வேலை என் தலையில்.

கடை எங்கே? எப்போது திறப்பு?

தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து நடந்தால் இரண்டு நிமிடத்தில் வரும் ஒரு குறுக்குத் தெரு. ஆவணி வளர்பிறையில் ஒரு முகூர்த்த நாளை அம்மா குறித்து வைத்திருக்கிறார். எலக்ட்ரீஷியன் அதற்கு ஒத்துழைத்தால் அன்றைக்கே.

பெயர் என்ன? போர்டில் எதுவும் இல்லையே?

பெயரைத் திறப்பு நாள்வரை சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. போர்டு தயாராகிக்கொண்டிருக்கிறது. தமிழ் எழுத்துதான் பெரிதாக இருக்கும். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் வரவேண்டும், ஆங்கிலம் அடுத்து, வேறு மொழி வேண்டுமென்றால் அதற்கும் பிறகு. அளவு 5:3:2 என்று விதியே இருக்கிறது. "பர்கருக்குத் தமிழில் என்ன?" என்று ஒரு தமிழாசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டார். பர்கர்தான் சார். பன்னைப் பன் என்றே சொல்லி நாலு தலைமுறை ஆகிவிட்டது.

இவ்வளவு கடைகள் இருக்கும் தி.நகரில் இன்னொரு பர்கர் கடை எதற்கு?

நியாயமான கேள்வி. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அதற்கு முன்னால் அந்தச் சாலையில் நடப்பது ஒரு வித்தை. ஒரு கையில் பை, மறு கையில் குழந்தை, காலுக்கடியில் ஸ்கூட்டர். இப்போது மக்கள் நிதானமாக நடக்கிறார்கள், கல் பெஞ்சில் உட்காருகிறார்கள். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேடையும் வந்துவிட்டது. நடக்கும் ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பசிக்கும். அந்தப் பசிக்கு முழுச் சாப்பாடு அதிகம், ஒரு சமோசா குறைவு. இதற்கு நடுவில் இருக்கும் இடம்தான் எங்களுக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் பர்கர் என்றால் பெரும்பாலும் பொரித்த கோழித் துண்டு, இல்லையென்றால் உருளைக்கிழங்கை மசித்துத் தட்டிய டிக்கி. 1996இல் டெல்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமல்தான் வந்தது. அதிலிருந்து நமக்குப் பழகிய ருசி எண்ணெயில் பொரித்த ருசி. கல்லில் அழுத்திச் சுடும் பர்கரின் ருசி வேறு. அதைச் செய்து பார்க்கத்தான் இந்தக் கடை.

கல்லில் சுடுவதில் அப்படி என்ன வித்தியாசம்?

ரோஸ்ட் தோசையின் விளிம்பு ஏன் நடுப்பகுதியைவிட ருசியாக இருக்கிறது? அதே விஷயம்தான். மாவிலோ இறைச்சியிலோ உள்ள புரதமும் சர்க்கரையும் நல்ல சூட்டில் சேர்ந்து வினைபுரியும்போது பழுப்பு நிறமும் வறுத்த மணமும் வருகின்றன. லூயி கமீல் மெய்லார்டு என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் இதை விவரித்ததால் மெய்லார்டு வினை என்கிறார்கள். இது வேகமாக நடக்கச் சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஈரம் இருக்கும் இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் மேற்பரப்பின் ஈரம் முதலில் ஆவியாகிப் போக வேண்டும்.

கொத்திய இறைச்சியை எலுமிச்சை அளவைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாக்கி, காய்ந்த கல்லில் போட்டு, கனமான இரும்புத் தட்டால் ஒரே அழுத்தாக அழுத்துவோம். கல்லைத் தொடும் பரப்பு கூடுகிறது, ஓரம் முறுகுகிறது. அழுத்த வேண்டியது முதல் அரை நிமிடத்துக்குள். கொழுப்பு உருகிய பிறகு அழுத்தினால் சாறெல்லாம் கல்லுக்குப் போய்விடும், நமக்குச் சக்கைதான் மிஞ்சும். உப்பும் கல்லில் போட்ட பிறகுதான். முன்பே பிசைந்தால் உப்பு புரதத்தைக் கரைத்து, வெந்ததும் சாசேஜ் மாதிரி ரப்பராகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு கிலோ கோழி ஆனது. தெருநாய்கள் சந்தோஷமாக இருந்தன.

கல் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் செய்தது. தடிமனான இரும்பு. மெல்லிய கல்லில் இரண்டு உருண்டை போட்டாலே சூடு இறங்கிவிடும். அப்புறம் நடப்பது வறுவல் இல்லை, அவியல்.

என்ன இறைச்சி? பீஃப் உண்டா?

கோழி மட்டும். தொடைக்கறியையும் கொஞ்சம் தோலையும் சேர்த்துக் கடையிலேயே அரைக்கிறோம். நெஞ்சுக்கறியில் கொழுப்பு இல்லை, கல்லில் போட்டால் அட்டை.

பீஃப் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அதற்குத் தேவையில்லை. பர்கர் பிறந்ததே மாட்டிறைச்சியில்தான். பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்தது, பன்றியின் ஹாமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாங்கள் போடாததற்குக் காரணம் இடம். எங்கள் சமையலறை ஒரு நடுத்தரப் படுக்கையறை அளவு. அரைக்கும் மெஷின், கத்தி, பலகை, குளிர்பெட்டி என்று இரண்டு இறைச்சிக்கும் தனித்தனியாக வைத்தால் நாங்கள் நிற்க இடமில்லை. ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்.

கோழி ஹலால் முறையில் அறுத்தது. தினமும் காலையில் வருகிறது; பில்லைக் கேட்டால் காட்டுவோம்.

உள்ளே வெந்திருக்கும் என்று எப்படி நம்புவது?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் இரண்டாம் மாடி மாமிதான். அவர் அசைவமே சாப்பிடுவதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், சூடு பட்டதும் போய்விடும். அரைத்தால் மேலிருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. 1993இல் அமெரிக்காவில் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளின் சரியாக வேகாத பர்கரால் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஈ.கோலை கிருமியின் ஒரு கொடிய வகை அது. கோழிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ். கல்லுக்குப் பக்கத்தில் குத்திப் பார்க்கும் வெப்பமானி தொங்குகிறது. ஒவ்வொரு பர்கரையும் குத்த முடியாது. ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒன்றைக் குத்துவோம். நடுவில் இளஞ்சிவப்பாக வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டாம், கோழியில் அது நடக்காது.

மயோனைஸ் போடுவீர்களா?

போடுவோம், பச்சை முட்டையில் செய்தது இல்லை. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டது நினைவிருக்கும். சால்மோனெல்லா போன்ற கிருமிகளைப் பற்றிய பயம்தான் காரணம். உள்ளே வேகாத முட்டை, வெளியே சென்னை வெயில், நடுவில் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும் பாட்டில். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கூட்டணி எனக்கு ஆகாது. நாங்கள் பாலில் செய்கிறோம்: குளிர்ந்த பால், எண்ணெய், பூண்டு, எலுமிச்சை, கடுகு விழுது. பாலின் புரதமே எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காலையில் அடித்தது ராத்திரி மிஞ்சினால் கொட்டிவிடுவோம்.

சைவம் உண்டா? அதற்குக் கல் தனியா?

உண்டு. தனிக் கல், தனி எண்ணெய்ச் சட்டி, தனிக் கரண்டி, பச்சைக் கைப்பிடி. அடுப்புகளுக்கு நடுவில் ஒரு தடுப்பும் இருக்கிறது. ஆனால் ஒரே சமையலறை. அதுவும் கூடாது என்பவர்களுக்கு எங்கள் கடை சரிப்படாது. முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சைவ பர்கர் சேனைக்கிழங்கில். முதலில் ராஜ்மா போட்டுப் பார்த்தோம், பன்னுக்குள் சுண்டல் வைத்த மாதிரி இருந்தது. பன்னீர் எல்லோரும் போடுகிறார்கள்; அது உருகாது, ஏனென்றால் அமிலம் விட்டுத் திரித்த பாலாடைக்கட்டி சூட்டில் இளகாமல் அப்படியே நிற்கும். சேனை யோசனை அம்மாவுடையது. கல்யாணப் பந்தியில் சேனை வறுவலைக் கடித்தவர்களுக்கு அதன் இறைச்சித்தன்மை தெரியும். தொண்டை அரிக்குமே என்றால், அந்த அரிப்பு கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களால் வருவது. புளித்தண்ணீரில் வேகவைத்தால் அடங்கும் என்பது நம் பாட்டிமார் கண்ட வழி. அப்படி வேகவைத்து, பாதியை மசித்து, பாதியைத் துருவி, மிளகும் சோம்பும் சேர்த்துக் கல்லில் சுடுகிறோம். என்னைக் கேட்டால் கோழியைவிட இதுதான் நன்றாக இருக்கிறது. தங்கை ஒத்துக்கொள்ளவில்லை.

வெங்காயம் பூண்டு இல்லாமல் வேண்டுமென்றால் சொல்லுங்கள். சாஸ் மாறும், டிக்கி மாறாது. அதில் இரண்டும் கிடையாது.

பன் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கடையில் எங்களை அதிகம் அழவைத்தது பன். முதலில் ஒரு பேக்கரியில் சொல்லிச் செய்தோம். நல்ல பேக்கரிதான், ஆனால் அவர்கள் கைக்குப் பழகியது பன் பட்டர் ஜாம். சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் தலையாட்டுவார்கள், மறுநாள் அதே இனிப்பு வரும். கூடவே பன் உயரமாக, பஞ்சு மாதிரி. கடித்தால் பாதிக் காற்று, சாறு பட்டால் கூழ்.

இப்போது வேறொருவர் எங்களுக்கென்று செய்கிறார். மாவில் ஒரு பங்கை முதலில் பாலில் கஞ்சியாகக் கிளறி, ஆறவைத்து, பிறகு மீதி மாவோடு பிசைகிறார். கிளறிய மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பன் அடுத்த நாளும் மிருதுவாக இருக்கும், ஆனால் உதிராது. வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவிக் கல்லில் சுடுகிறோம். இது வெறும் ருசிக்காக இல்லை. வெண்ணெயும் முறுகிய மேல்தோலும் சேர்ந்து சாற்றை உள்ளே இறங்கவிடாமல் கொஞ்ச நேரம் தடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நீங்கள் சாப்பிட்டுவிட வேண்டும்.

ஃப்ரைஸ் நீங்களே வெட்டுவதா, உறைந்த பாக்கெட்டா?

உறைந்த பாக்கெட். வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்தையில் நமக்குக் கிடைக்கும் உருளைக்கிழங்கில் பெரும்பாலும் ஈரம் அதிகம்; குளிர்சாதனக் கிடங்கில் இருந்து வந்ததென்றால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். பொரித்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும்.

எண்ணெயைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பொரித்துப் பொரித்துச் சிதைந்த எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது, வாங்கியிருக்கிறோம். தீர்ந்த எண்ணெய் பயோடீசலுக்கு எடுத்துப்போகும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் போகும். தெருமுனை பஜ்ஜிக் கடைக்கு இல்லை.

விலை?

சிக்கன் 170 ரூபாய், சேனை 130, ஃப்ரைஸ் 80. ஜி.எஸ்.டி. சேர்த்த விலை. உணவகத்துக்கு அது 5 சதவீதம், பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. பில்லில் பிரித்துக் காட்டுவோம். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லில் இருக்கும். 2022 ஜனவரியிலிருந்து எல்லா உணவகமும் அதைப் போட வேண்டும், எந்தக் கடையிலும் பார்த்து வாங்குங்கள். சர்வீஸ் சார்ஜ் கிடையாது. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னதை டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் சரி என்றது.

"வண்டிக் கடையில் 60 ரூபாய்க்குக் கிடைக்கிறதே தம்பி" என்றார் அண்ணாச்சி. கிடைக்கிறது, நானும் சாப்பிட்டிருக்கிறேன், சில இடங்களில் நன்றாகவே இருக்கும். எங்களுக்கு வாடகை இருக்கிறது அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா, நமக்கு ஒரே ஓனர்தானே.

வீட்டுக்கு டெலிவரி?

முதல் மூன்று மாதம் இல்லை. கமிஷன் ஒரு காரணம். பெரிய காரணம் ஆவி. சுடச்சுடப் பெட்டியில் மூடினால் அந்த ஆவி பன்னை நனைக்கும், முறுகிய ஓரம் தொய்யும். இருபது நிமிடம் கழித்து உங்கள் கைக்கு வருவது நாங்கள் செய்த பொருள் இல்லை. பெட்டியில் ஓட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பார்சல் எதில் தருவீர்கள்?

எண்ணெய் உறிஞ்சும் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் தடை. பை கொண்டுவந்தால் நல்லது. மஞ்சப்பை விற்பனைக்கும் வைத்திருப்போம்.

புகை எங்கள் பால்கனிக்கு வருமா?

மாடிக்காரர்கள் எல்லோரும் கேட்டது. புகைக்குழாய் மொட்டை மாடிக்கு மேல்வரை போகிறது. அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் தகட்டு வடிகட்டி. அதைக் கழுவாமல் விட்டால் குழாய்க்குள் பிசுக்கு படிந்து தீப்பிடிக்கும், அதனால் தினமும் இரவில் கழற்றி வெந்நீரில் கழுவுவோம். எண்ணெய்த் தீக்கென்று தனி அணைப்பான் அடுப்புக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதுதான் வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் பாடம். சிலிண்டர் 19 கிலோ வணிக சிலிண்டர்.

மணம் வரும். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை, மன்னியுங்கள்.

சாக்கடை அடைக்குமா? மழைக்காலத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கொழுப்பைத் தடுக்கும் பொறி வைத்திருக்கிறோம். கொழுப்பு மேலே மிதக்கும், தண்ணீர் கீழ்க்குழாய் வழியே போகும். வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். நாற்றம் பிடித்த வேலை, அதை நான் செய்வதாக ஏற்பாடு. ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர் ஏறினால் கடை மூடியிருக்கும். அந்தத் தண்ணீர் சமையலறையைத் தொட்டால் கழுவி, காயவைத்து, பிறகுதான் திறப்போம்.

பார்க்கிங்?

கிடையாது. தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. அண்ணாச்சி கடை வாசலில் நிறுத்தாதீர்கள், என்னைத்தான் திட்டுவார்.

வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா?

இன்னும் இரண்டு பேர் வேண்டும். அனுபவம் தேவையில்லை, தோசை சுடத் தெரிந்தால் பாதி வேலை தெரியும். மருத்துவச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும் எங்கள் செலவு. கல்லாவில் நிற்பவருக்கும் நாற்காலி உண்டு. தமிழ்நாட்டில் 2021இலிருந்து கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தருவது சட்டம். தி.நகர் ஜவுளிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், சட்டம் இல்லாவிட்டாலும் போட்டிருப்போம்.

குழந்தைகள் தினமும் சாப்பிடலாமா?

வேண்டாம்.

முள்கரண்டி, கத்தி தருவீர்களா?

கேட்டால் தருவோம். கையால் சாப்பிடும் ஊர்க்காரர்கள் பர்கருக்கு மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? தாளைப் பாதி பிரித்து, பாதியைப் பிடித்துக்கொண்டு கடியுங்கள். கை கழுவுமிடம் வாசலிலேயே இருக்கிறது. அதற்காக ஒரு மேசையை எடுத்துவிட்டோம்.

தீபாவளிக் கூட்டத்தில் திறந்திருக்குமா?

இருக்கும். ஆனால் தீபாவளிக்கு முந்தின மூன்று வாரமும் இரண்டே அயிட்டம், சிக்கனும் சேனையும். ஃப்ரைஸ்கூட இருக்காது. கூட்டத்துக்கு நடுவில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி எனக்குப் பயம்.

திறப்பதற்கு முன்னால் உள்ளே வந்து பார்க்கலாமா?

வரலாம். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை சோதனைச் சமையல். ஷட்டரைத் தட்டுங்கள், தலை இடிக்காமல் குனிந்து வாருங்கள். காசு வேண்டாம். உப்பு சரியா, பன் இனிக்கிறதா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். மாமிக்குச் சேனை ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.